பறவை முதுகு

அவருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி என்று ஒன்றை மனிதன் கண்டுபிடித்துவிட்ட செய்தி இன்னும் இவர் வரைக்கும் வந்து சேரவில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு. யாராவது தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாலும், வலது கால் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஆட ஆரம்பித்துவிடும். மனைவி பேச்சை நிறுத்தாமலே அந்த முழங்காலின்மேல் கையை வைப்பாள். கால் நிற்கும். கையை எடுத்தால் மறுபடி ஆடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு இது ஒரு தனி வேலை.

தெருவில் அவரைக் காத்தாடி என்றார்கள். காதுபடவே சொன்னார்கள், கோபித்துக்கொள்ள அவர் ஓரிடத்தில் நின்றால்தானே. காலையில் பட்டறைக் கதவைத் தூக்கும்போது ஒரு கையில் காபி டம்ளர் இருக்கும். அதை எங்கே வைத்தோம் என்று மத்தியானம்வரை தேடுவார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஆலன் கீ கிடக்கும், போல்ட் முடுக்குகிற அந்த வளைந்த சின்னச் சாவி. பேசும்போது அதை விரல்களுக்கிடையே சுற்றிக்கொண்டே இருப்பார். கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்.

தொழில், கார்களுக்கு றெக்கை செய்வது. டிக்கியின் மேல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே குறுக்குப் பலகை ஒன்று நிற்குமே, அதுதான். பந்தயக் கார்களுக்கு அது அவசியம். வேகம் ஏற ஏறக் காற்று வண்டியின் பின்புறத்தைத் தூக்கப் பார்க்கும். றெக்கை அதே காற்றை வாங்கி வாலைத் தரையோடு அழுத்தும். தெருவில் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்று கேட்டால், நெற்றியில் விழுகிற சுருள்முடி எதற்கோ அதற்குத்தான். ஆனால் அந்த முடிக்காகக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நிற்கிறவன் உலகத்தில் இருக்கும்வரை இவர் வீட்டு அடுப்பும் எரியும். "நம்ம றெக்கை எதையும் அழுத்தாது, எதையும் தூக்காது, சும்மா அழகா நிக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பாவம், நம்பித்தான் சொன்னார்.

முதல் அச்சு எடுத்த கதையைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். எங்கோ மோதி நொறுங்கிய பந்தயக் கார் ஒன்றின் றெக்கையைப் பழைய இரும்புக் கடையில் பிடித்துக்கொண்டு வந்து, இதேபோல ஒன்று வேண்டும் என்றார் ஒரு வாடிக்கையாளர். பக்கத் தட்டுகள் இரண்டும் போயிருந்தன. மிஞ்சியது நடுப்பலகை மட்டும். ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் புடைத்து இருந்தது. எது மேல், எது கீழ் என்று சொல்ல அதில் ஒரு அடையாளமும் இல்லை. காத்தாடி அதை டிக்கியின் மேல் இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார். குழிந்த பக்கம் மேலே இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கும், தூசி சேரும், காக்கை வந்து குளித்துவிட்டுப் போகும். புடைத்த பக்கம் மேலே இருந்தால் வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. உட்கார்ந்திருக்கும் பறவையின் முதுகைப் பார்ப்பதுபோல இருந்தது. மனைவி நாலு அடி தள்ளி நின்று பார்த்தாள். "இப்படியே இருக்கட்டும்" என்றாள். பெயின்ட் அடிக்கிறவள் அவள். கண் விஷயத்தில் அவள் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது.

றெக்கை செய்வது நாரும் பிசினும் சேர்ந்த ஃபைபரில். அந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. அச்சில் ஒட்டி வருகிற பக்கம் மட்டும்தான் கண்ணாடிபோல வழவழப்பாக வரும். மறுபக்கம் நார் துருத்திக்கொண்டு சொரசொரவென்றுதான் இருக்கும். அதை யாரும் பார்க்காதபடி கீழே தள்ளிவிடுவார்கள். ஆக, எந்தப் பக்கம் மேலே என்பதை ஒரு தடவை முடிவு செய்து அச்சு எடுத்துவிட்டால், அதற்கப்புறம் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அதே முகம்தான்.

பறவை முதுகு என்ற பெயரிலேயே அது விற்றது. விற்றது என்றால் அப்படி இப்படி அல்ல. அடுத்த தெருக்காரன் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அச்சு எடுத்தான். அவனிடமிருந்து இன்னொருவன் எடுத்தான். காத்தாடிக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. சிக்னலில் நின்றால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தம் கைவேலையைப் பார்த்துத் தமக்குள் சிரித்துக்கொள்வார்.

அவர் மனைவிக்கு ஒரு தம்பி. மூக்குக் கண்ணாடி ஃப்ரேம்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்கு விற்கிறவன். பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் முக்கால்வாசி வியாபாரம் என்பது அவன் கொள்கை. அவனுடைய நீலக் காருக்குக் காத்தாடி தம் கையால் ஒரு பறவை முதுகு பூட்டிக் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் கடைக்காரர்கள் தன்னை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று அவன் பெருமைப்படுவான். போன மாதம் வந்தபோது ஒன்று சொன்னான். "மாமா, உங்க றெக்கை போட்டப்பறம் அந்தப் புது ரோட்டுல போறப்போ வண்டி அப்படியே மிதக்குது." அவர் பூரித்துப் போனார். மைத்துனனுக்கு இன்னொரு காபி போடச் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் காத்தாடியின் பயத்துக்கு மதிப்பில்லை. சில வருஷங்களுக்கு முன் மூன்று பேருமாக ஒரு பயணம் போனபோது, ஏதோ கருகுகிறது, வண்டி தீப்பிடிக்கப் போகிறது என்று வழியெல்லாம் நிறுத்தச் சொன்னார். மைத்துனன் பானெட்டைத் திறந்து பார்த்தான், படுத்துச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்தாள்: பட்டறைப் பிசின் சிந்திய அவருடைய சட்டையேதான் வெயிலில் நாறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் எதற்குப் பயந்தாலும், "சட்டையை மோந்து பாத்தீங்களா?" என்பாள். மைத்துனன் சிரிப்பான். அவரும் சிரிப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இனி அந்த நாள். மனைவியின் மூத்த அக்காவுக்கு வேறு ஊரில் வயிற்றில் ஆபரேஷன் நடந்து, மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தம்பியும் இவர் மனைவியுமாகச் சாயங்காலம் கிளம்பிப் போய்க் கூட்டி வருவதாக ஏற்பாடு. காத்தாடி பட்டறையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஒரு றெக்கையை வெளியூருக்கு அனுப்பப் பார்சல் ஆபீஸுக்குப் போனார். அங்கே எடைமேடையின் மேல் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் றெக்கையைப் படுக்க வைத்தார்கள். எதிரே ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன். பார்சல்காரர் எண்ணைப் பார்த்து எழுதப் போனார், எண் மாறியது. மறுபடி பார்த்தார், மறுபடி மாறியது. ஃபேன் தலையைத் திருப்பி றெக்கையின் பக்கம் வரும்போதெல்லாம் எடை குறைந்தது. அந்தப் பக்கம் போனால் கூடியது. மிஷின் ரிப்பேர் என்றார் பார்சல்காரர்.

காத்தாடி அப்படியே நின்றார். அவர் நின்றதே ஒரு அதிசயம். பிறகு றெக்கையைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார், குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி. ஃபேன் திரும்பி வந்தது. எடை கூடியது. மறுபடி கவிழ்த்தார். குறைந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பார்சல்காரர், அனுப்புறீங்களா இல்லையா என்று கேட்டார். இவர் காதில் அது விழவில்லை. சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விளையாடியது அவருக்கு நினைவு வந்திருந்தது. உள்ளங்கையைக் குழித்துக் கவிழ்த்தால் கை தானாக மேலே பறக்கும். குழித்து நிமிர்த்தினால் கீழே இறங்கும். கைக்குத் தெரிந்திருந்தது. ஆறு வயசுக் கைக்கு. பறவைக்கு முதுகு ஏன் புடைத்திருக்கிறது என்றால், அது பறக்க வேண்டியது. கார் பறக்க வேண்டியதில்லை.

மிதக்குது மாமா என்று மைத்துனன் சொன்னானே, அதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

றெக்கையைத் திரும்ப வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். பட்டறை வாசலில் நீலக் கார் நின்றது. மனைவி பையை முன்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன வரிசைதான் சரியில்லை. ஃபேனில் ஆரம்பித்து, பஸ் ஜன்னலுக்குப் போய், நடுவில் பார்சல்காரரைத் திட்டி, காக்கையில் முடித்தார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சட்டையை மோந்து பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

அவர் சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துக்கொண்டு காரின் பின்னால் போனார். மைத்துனன் வந்து கையைப் பிடித்தான். முரட்டுத்தனமாக அல்ல, அவரை அவனுக்குப் பிடிக்கும்.

"மாமா, போன தடவை கிளம்பற நேரத்துல பம்பரைக் கழட்டினீங்க. ஒரு போல்ட்டை மறந்து, வழியெல்லாம் அது தாளம் போட்டுட்டு வந்துச்சு. திரும்பி வந்ததும் நீங்க என்ன வேணா பண்ணுங்க. நாளைக்கு அங்க ஒரு பெரிய கடைக்காரரைப் பாக்கணும், மொட்டை வண்டியில போய் இறங்க மாட்டேன்."

பஸ்ஸில் போகலாமே என்று மனைவியிடம் கெஞ்சினார். கடைசி பஸ் போய்விட்டது, காலையில் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் யாருக்காகக் காத்து நிற்பாள் என்று அவள் கேட்டாள். அதுவும் நியாயம்தான். இந்த மனுஷன் புலி வருது புலி வருது என்று கத்திக் கத்தியே புலியின் மரியாதையைக் கெடுத்துவிட்டிருந்தார். இப்போது நிஜப் புலி வந்து நிற்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நானும் வர்றேன்" என்றார்.

பட்டறையைப் பூட்டுவதற்கு முன்னால் பிசினில் கலக்குகிற சுண்ணாம்புப் பொடி மூட்டைகளை இழுத்து வந்து டிக்கியில் ஏற்றினார். மைத்துனன் ஃப்ரேம் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டா ஓட்டுவது என்று கேட்டான். எடை வேண்டும், பின்னால் எடை வேண்டும் என்று மட்டும் சொன்னார். பெட்டிகள் முன்னால் மனைவியின் காலடிக்குப் போயின. அவர் பின்சீட்டின் நட்ட நடுவில், சக்கரங்களுக்கு நேர் மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தம் உடம்பில் இருக்கிற சதையெல்லாம் இவ்வளவுதானா என்று வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டார். இத்தனை வருஷம் ஓடாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கனம் ஏறியிருக்கும்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. புது ரோடு. அகலம், வழவழப்பு, வளைவெல்லாம் நீளமாக, சோம்பேறித்தனமாக வளைகிற ரோடு. இப்படிப்பட்ட ரோட்டில்தான் வேகம் போவது ஓட்டுகிறவனுக்கே தெரியாது. காத்தாடி பின்னாலிருந்து எட்டி எட்டி வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். மெதுவாப் போ மாப்ள என்றார். போனான். கொஞ்ச நேரத்தில் முள் தானாக ஏறியது. மறுபடி சொன்னார். மறுபடி இறங்கியது, ஏறியது. அக்காவும் தம்பியும் மூத்தவளுடைய மாத்திரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் கால் ஆடியது. முன்சீட்டிலிருந்து கை நீளாது என்பதால் அது ஆடிக்கொண்டே வந்தது.

அந்த வளைவும் மற்ற வளைவுகளைப் போலத்தான் இருந்தது. பாதி வளைந்தபோது முன்பக்கம் வளைவோடு போயிற்று, பின்பக்கம் போகவில்லை. சத்தமே இல்லை. சறுக்கல் என்றுகூடச் சொல்ல முடியாது. வண்டியின் பின்பாதி ஒரு கணம் தனக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகக் கிளம்பியது, அவ்வளவுதான். ஜன்னலில் தடுப்புக் கம்பி பக்கவாட்டில் நெருங்கி வருவதைக் காத்தாடி பார்த்தார். மனைவியின் பின்னந்தலையைப் பார்த்தார். மைத்துனன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான், விட்டான், மறுபடி திருப்பினான். மூட்டைகளின் கனமோ, வேகம் தணிந்ததோ, அவர்கள் செய்த புண்ணியமோ, வால் திரும்பி வந்து வண்டியோடு சேர்ந்துகொண்டது.

வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. மைத்துனன் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தான். அவன் கை ஸ்டீயரிங்கைவிட்டு வரவில்லை.

"இது சட்டை இல்ல" என்றாள் மனைவி.

காத்தாடி ஏற்கனவே கதவைத் திறந்துவிட்டிருந்தார். கொட்டுகிற மழையில் பின்னால் போய், இரண்டு தட்டுகளிலும் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினார். மைத்துனன் வந்து பலகையைத் தாங்கிப் பிடித்தான். இடது முனையை வலதுக்கும், வலது முனையை இடதுக்குமாக மாற்றிக் கவிழ்த்து மறுபடி பூட்டினார்கள். பலகையின் கூரான விளிம்பு பழையபடி பின்னாலேயே இருக்க, அடிப்பக்கம் மேலே வந்தது. நார் துருத்திக்கொண்டு, பெயின்ட் படாத சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று இருந்தது. குழிவில் உடனே தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்த முகம் இது.

கழற்றி வீசிவிடலாமா என்று மைத்துனன் கேட்டான். இருக்கட்டும், இனிமேலாவது அழுத்தட்டும் என்றார் அவர். அவன் இரண்டு அடி பின்னால் போய் நின்று, நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "கண்ணராவியா இருக்கு மாமா" என்றான். அவர் அவன் கையிலிருந்த பழைய துணியை வாங்கி, அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

வண்டிக்குத் திரும்பியபோது மனைவி முன்சீட்டில் இல்லை. பின்சீட்டுக்கு மாறி, அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் எடைதானே.

அதற்குப் பிறகு மைத்துனன் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது, நடத்திக்கொண்டு போனான். லாரிகள்கூட அவர்களைத் தாண்டிப் போயின. யாரோ ஒருவன் தாண்டும்போது றெக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே. பிழைத்துக்கொண்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்தது. சிவப்பில் துளி ஆரஞ்சு கலந்த நிறம். அதன் டிக்கியின் மேல், மழையில் குளித்து, அந்த வெளிச்சமில்லாத நேரத்திலும் பளபளத்துக்கொண்டு ஒரு பறவை முதுகு.

"அது நான் கலந்த செவப்பு" என்றாள் மனைவி. "ரெண்டு வாரம் முன்னாடிதான் எடுத்துட்டுப் போனான். புதுசா கல்யாணம் ஆன பையன்."

மைத்துனன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான், ஹாரனை அமுக்கினான். காத்தாடி ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே விட்டுக் கையை ஆட்டினார். கீழே அழுத்து, கீழே அழுத்து என்பதுபோல, வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஆட்டினார். அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டான், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொன்னான். இதைச் செய்தவர் இவர்தான் என்று சொல்லியிருப்பான். அவளும் குனிந்து பார்த்துக் கையசைத்தாள். பையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். காட்டிவிட்டு, றெக்கை செய்தவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல, முன்னால் எடுத்துக்கொண்டு போனான். பறவை முதுகு மழைக்குள் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

துரத்தலாமா என்று மைத்துனன் கேட்டான். துரத்தினால் அவன் இன்னும் வேகமாகப் போவான் என்றார் காத்தாடி.

மனைவி போனை எடுத்தாள். வாடிக்கையாளர்களின் எண்களெல்லாம் அவளிடம்தான் இருந்தன. பையனின் எண்ணைத் தேடி எடுத்தாள். அதன்மேல் விரலை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப அடிச்சா எடுத்துடுவான்" என்றாள். "ஓட்டிட்டே எடுப்பான்."

ஒரு கையால் போனைப் பிடித்து, எண்ணைப் பார்த்தபடி, அவன் எங்கேயாவது டீ குடிக்க நிறுத்துகிற நேரத்துக்காக அவள் காத்திருந்தாள். அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு எண், அதற்குக் கீழே இன்னொன்று, விரலால் தள்ளத் தள்ள முடியாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தெருக்காரன் விற்றவை இதில் இல்லை.

சீட்டு லேசாக அதிர்வது அவருக்குத் தெரிந்தது. எப்போதும்போலத் தம் கால்தான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். அவர் கால் அசையாமல் இருந்தது. அவளுடைய முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. ஆனாலும் அது நிற்கவில்லை.